சாரல் காலத்துக் கேரமல்

என் கணவர் வளைகுடா நாட்டில் ஏசி மெக்கானிக்காக இருந்தார். கல்யாணமாகி இரண்டாவது மாதமே கிளம்பிப் போனவர். அதன்பிறகு எங்கள் குடும்ப வாழ்க்கை என்பது வருஷத்துக்கு ஒரு மாத விடுப்பும் தினமும் சாயங்காலம் ஒரு போனும்தான். விடுப்பை எப்போதும் ஆனி ஆடியில்தான் கேட்டு வாங்குவார். அந்த ஊர் வெக்கையில் கிடந்துவிட்டு வருகிறவருக்குத் தென்காசியில் இறங்கியதும் முகத்தில் சாரல் அடிக்க வேண்டும். குற்றாலத்தில் அப்போது சீசன் என்பதால் சொந்தக்காரர்களும் அருவியில் குளிக்க வருவார்கள். குளித்துவிட்டு எங்கள் வீட்டில் சாப்பிட்டு, அவர் கொண்டுவந்த சாக்லேட்டை வாங்கிக்கொண்டு ஊருக்குப் போவார்கள்.

பெட்டி திறக்கும்போது எல்லோரும் சுற்றி நிற்போம். நைலான் கயிற்றை அவர் கத்தரிக்கோலால் வெட்டுவார். சோப்பு, சென்ட், பால்பவுடர் எல்லாம் கலந்து ஒரு வாசனை வரும். அடியில் கைலிகளுக்கு நடுவே சாக்லேட்டுகள் இருக்கும். தங்கத் தாள் சுற்றிய உருண்டைகள், உள்ளே கேரமல் வைத்த சதுரங்கள், பாதாம் பதித்த பட்டைகள். அவரே ஆளாளுக்குப் பிரித்துக் கொடுப்பார். அதிகம் பேசாத மனிதர் அந்த ஒரு மணி நேரம் மட்டும் வாய் ஓயாமல் பேசுவார்.

போன வருஷம் மாசி மாதம் அவர் ஒரேயடியாக ஊருக்கு வந்துவிட்டார். ஐம்பதைத் தாண்டியவர்களின் விசாவை இனிப் புதுப்பிப்பதில்லை என்று கம்பெனியில் முடிவெடுத்துவிட்டார்கள். எங்கள் மகள் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் இருந்து படிக்கிறாள். ஆகவே வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சந்தோஷத்தை வைத்துக்கொண்டு ஒரு முழு நாளை எப்படி ஓட்டுவது என்று இரண்டு பேருக்கும் தெரியவில்லை.

விடிவதற்கு முன்பே எழுந்துவிடுவார். அங்கே தொழிலாளர்கள் தங்குகிற கேம்ப்பில் பல பேருக்கு ஒரே குளியலறை என்பதால் வந்த பழக்கம். சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி, துடைத்து, கவிழ்த்து வைப்பார். துணியை நான்காக மடித்து அலமாரியில் ஓரம் பிசகாமல் அடுக்குவார். பிறகு முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து நான் என்ன செய்கிறேன் என்று பார்த்துக்கொண்டிருப்பார். யாரும் பார்க்காமல் வேலை செய்தே பழகிய எனக்கு அது கூச்சமாக இருந்தது. வெங்காயம் உரிப்பதுகூடப் பரீட்சை எழுதுவது போல ஆகிவிட்டது.

ஒருநாள் சாயங்காலம் என் போன் அடித்தது. எடுத்தால் அவர்.

"எங்கன இருக்கீய?" என்றேன்.

"மொட்டமாடியில."

"அங்கன நின்னுக்கிட்டு எதுக்கு போன் பண்ணுதீய? கீழ வந்து பேச வேண்டியதுதான?"

"கீழ வந்தா பேச்சு வரமாட்டேங்கு," என்றார்.

நான் அடுப்படியில் நின்றேன், அவர் மாடியில் நின்றார். அரை மணி நேரம் பேசினோம். மகளைப் பற்றி, தெருவில் புதிதாகப் போடும் கால்வாயைப் பற்றி, அவருடன் அறையில் இருந்த கேரளாக்காரர் கடை வைத்திருப்பதைப் பற்றி. போனை வைத்துவிட்டு அவர் படியிறங்கி வந்தபோது இரண்டு பேருக்கும் வெட்கமாக இருந்தது. காப்பி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தார்.

ஆனி பிறந்து சாரல் விழ ஆரம்பித்ததும் தூத்துக்குடியில் இருந்து அவருடைய அக்கா போன் செய்தார்கள். எனக்கு மதினி முறை. மனதில் பட்டதைச் சட்டென்று சொல்லிவிடுகிறவர்கள்.

"ஏலே தம்பி, ஆடி முதல் ஞாயித்துக்கெழம வாரோம். மகளும் பேத்திய ரெண்டும் கூட வாராவ. சின்னதுவ இப்பமே ஆரம்பிச்சிட்டுதுவ, சாக்லேட் தாத்தா வீட்டுக்கு எப்பம் போறோம்னு."

"வாங்கக்கா," என்று மட்டும் சொன்னார். மாசியில் கொண்டுவந்தது பங்குனி பிறக்குமுன்பே தெருவுக்கும் சொந்தத்துக்குமாகத் தீர்ந்துபோயிருந்தது.

மறுநாள் டவுனுக்குப் போய், வெளிநாட்டுச் சாமான் விற்கிற கடையில் வெகுநேரம் நின்றுவிட்டு வெறுங்கையோடு திரும்பினார்.

"இல்லியாக்கும்?" என்று கேட்டேன்.

"எல்லாம் இருக்கு. நான் வாங்குத அதே டப்பாவே இருக்கு. ஆனா இங்கன வாங்கிக் குடுக்கதுக்கு மனசு வரல."

"கடையில வாங்குனேன்னு சொல்லிக் குடுங்க. அதுல என்ன?"

"அப்பம் நான் எதுக்கு? அக்காவே தூத்துக்குடியில வாங்கிக் குடுத்திருவாளே."

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. "அப்பம் நாம செய்வோம்," என்றேன்.

"எத?"

"சாக்லேட்டத்தான்."

"அது பேக்டரில செய்யதுல்லா?"

"கடல மிட்டாயும்தான் பேக்டரில செய்தாவ. நான் வீட்டுல செய்யலியா?"

சொல்லிவிட்டேனே தவிர, அதுவரை நான் சாக்லேட் செய்ததில்லை. கடலை மிட்டாய், அதிரசம், முந்திரிக்கொத்து இவ்வளவுதான் என் கைக்குத் தெரிந்தவை. மகளிடம் கேட்டேன். அவள் நாலைந்து வீடியோக்களை அனுப்பி, பேக்கரிச் சாமான் விற்கிற கடையில் கட்டியாகச் சாக்லேட் கிடைக்கும், அதை உருக்கி உள்ளே பருப்பும் கேரமலும் வைத்தால் போதும் என்றாள். எல்லா வீடியோவிலும் ஒரு பெண் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு ஒரு சொட்டுச் சிந்தாமல் செய்துகொண்டிருந்தாள்.

கணவருக்கு ஒரு வேலை கிடைத்தது. பாவூர்சத்திரம் சந்தைக்கு பஸ் ஏறிப் போய் நிலக்கடலை வாங்கி வந்தார். கூடவே இரண்டு பேர் ஒரு மாதம் தின்றாலும் தீராத அளவுக்குக் கத்தரிக்காயும் முருங்கைக்காயும் வாங்கி வந்தார். எல்லாம் அள்ளிக் கொடுக்கிற விலையாக இருந்ததாம். செங்கோட்டைக்குப் போய்க் கொல்லத்தில் இருந்து வருகிற முந்திரி, எங்கள் ஊர்ப் பேச்சில் அண்டிப்பருப்பு, வாங்கி வந்தார். அந்தக் கடைக்காரர் மலையாளம் கலந்து பேசியதாகவும், தான் அதே மாதிரி பதில் சொன்னதும் அவர் எந்த ஊரில் வேலை பார்த்தீர்கள் என்று கேட்டு டீ வாங்கிக் கொடுத்ததாகவும் சொன்னார். நடந்ததை அவர் நேருக்கு நேர் உட்கார்ந்து என்னிடம் விவரமாகச் சொன்னது அன்றைக்குத்தான்.

முதல் தடவை சாக்லேட்டே கெட்டுப்போயிற்று. கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்தின் மேல் இன்னொரு பாத்திரம் வைத்து, அதில் சாக்லேட்டைப் போட்டு உருக்க வேண்டும். அருமையாக உருகி, புதுச் செருப்பு மாதிரி பளபளவென்று வந்தது. மூடி வைத்தால் சூடு நிற்குமே என்று ஒரு தட்டைப் போட்டு மூடினேன். தட்டில் பிடித்த ஆவி சொட்டி உள்ளே விழுந்தது. நாலைந்து சொட்டுதான் இருக்கும். மொத்தமும் களிமண் போலத் திரண்டு கரண்டியைப் பிடித்துக்கொண்டது. பாலை ஊற்றிக் காய்ச்சி இரண்டு பேரும் இரண்டு நாள் குடித்தோம்.

அடுத்தது கேரமல். சீனியை வெறும் சட்டியில் போட்டு உருக்கி, தேன் நிறம் தாண்டிச் செம்மை ஏறும்போது வெண்ணெயும் பாலாடைக் கிரீமும் சேர்த்துக் கிண்ட வேண்டும். வீடியோவில் இத்தனை டிகிரி என்று தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தார்கள். அதைப் பார்த்து எனக்குப் பயமில்லை. பாகுதானே. ஒரு கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்த்தேன். அதிரசத்துக்கு வேண்டிய பதத்தைவிட ஒரு பிடி கூடுதலாக, உருட்டினால் உருண்டு, அமுக்கினால் அமுங்கினால் சரி. இரண்டாம் தடவையிலேயே பதம் கைவந்துவிட்டது. தட்டில் கொட்டி ஆற வைத்து, சதுரமாக வெட்டி, வெண்ணெய்த் தாளில் பரப்பிவிட்டுத் தூங்கப் போனோம்.

காலையில் பார்த்தால் ஒவ்வொரு துண்டும் வியர்த்துப்போய் ஒன்றோடொன்று சேர்ந்து கிடந்தது. தொட்டால் விரலில் இழுபட்டது. வெளியே பஞ்சு உதிர்வது போலச் சாரல். சன்னல் கம்பி, சுவர், உப்பு ஜாடி எல்லாவற்றிலும் ஈரம். நான்கு நாள் முன்பு துவைத்த துணியே கொடியில் காயாமல் கிடந்தது, கேரமல் எப்படிக் காயும்?

"சாரல் முடிஞ்ச பெறவு செய்வோம்," என்றேன். முதல் ஞாயிற்றுக்கிழமைக்குள் சாரல் முடியாது என்பது எனக்கும் தெரியும்.

அவர் ஒரு துண்டை விரலால் தொட்டுப் பார்த்தார். போய்த் தன்னுடைய டூல்ஸ் பையைத் திறந்து உள்ளங்கை அளவில் ஒரு மீட்டரை எடுத்து வந்து அடுப்பங்கரை மேடையில் வைத்தார்.

"இது என்னது?"

"காத்துல எவ்வளவு ஈரம் இருக்குன்னு காட்டும். பாரு, தொண்ணூறுக்கு மேல. இதுல ஒன் கேரமல் என்ன செய்யும் பாவம்? சீனில்லா, தண்ணிய இழுக்கத்தான் செய்யும்."

பிறகு அவர் வீட்டையே புரட்டிப்போட்டார். எங்கள் படுக்கையறையில் ஒரு ஏசி இருந்தது. ஏதோ ஒரு விடுப்பில் அவரே மாட்டியது. சித்திரையில் மகள் வந்தால் போடுவோம், மற்ற நாளில் அது சுவரில் சும்மா இருக்கும். மெத்தையைத் தூக்கி முன்னறையில் சாய்த்தார். கட்டிலின் மேல் பலகை போட்டு, சுத்தமான பிளாஸ்டிக் விரிப்பை விரித்தார். கதவிடுக்கில் துண்டைச் சுருட்டி வைத்தார். ஏசியை ஈரம் இழுக்கிற முறைக்கு மாற்றி வைத்துவிட்டு மீட்டரைப் பார்த்துக்கொண்டு நின்றார். எண் மெதுவாக இறங்கியது. ஐம்பதைத் தொட்டதும் என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் அங்கே அத்தனை வருஷம் என்ன வேலை பார்த்தார் என்பதை அன்றைக்குத்தான் நான் நேரில் பார்த்தேன்.

ஊரே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடக்கிற நாளில் எங்கள் வீட்டில் ஏசி ஓடியது. வெளியே தொங்குகிற பெட்டியின் சத்தம் கேட்டு எதிர்வீட்டு ஆச்சி வந்து, "சாரலுக்கு ஏசி போட்டிருக்கீயளா? மேலுக்கு முடியலியா யாருக்கும்?" என்று கேட்டார்கள். "மிட்டாய்க்குப் போட்டிருக்கோம் ஆச்சி," என்றேன். அவர்கள் வேறு எதுவும் கேட்கவில்லை.

இப்படியே சுமுகமாகப் போயிருக்கும். அடுப்பங்கரைக்குள் அவர் வந்ததில்தான் பிரச்சினை. நான் கோயிலுக்குப் போயிருந்த நேரத்தில் அலமாரியிலும் பிரிட்ஜிலும் இருந்ததை எல்லாம் உயரவாரியாக அடுக்கி வைத்திருந்தார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. மறுநாள் சீனி செம்மை ஏறி வாசனை வந்துவிட்டது, அடுத்த நிமிஷம் வெண்ணெய் போட வேண்டும். எப்போதும் இருக்கிற இடத்தில் வெண்ணெய் இல்லை. நான் ஒவ்வொரு கதவாகத் திறந்து தேடுகிறேன். அவர் பின்னால் நின்று, "கையுறை போட்டுக்கோ, தெறிச்சிரும், தீயக் கொற," என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். சீனி கருகிப் புகைந்தது.

"இத்தன வருசமா இந்த அடுப்பங்கரையில எது எங்கன இருக்குன்னு நான் ஒருத்திதான் பாத்தேன்," என்றேன். "நீங்க விருந்தாளி மாதிரி வந்துட்டுப் போனீய. இப்பம் வந்து எனக்கு எடம் காட்டுதீயளா?"

அவர் அடுப்பை அணைத்தார். குடையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

நான் கருகின சட்டியை ஊறப்போட்டுத் தேய்த்தேன். விருந்தாளி என்ற சொல்லைச் சொல்லியிருக்க வேண்டாம் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் பொய்யாகவும் அதைச் சொல்லவில்லை. சட்டி வெளுக்கிற வரைக்கும் இந்த இரண்டு நினைப்பும் மாறி மாறி வந்தன.

சாப்பாட்டு நேரத்துக்கு வந்தார். குடை கையில் இருந்தும் தோளெல்லாம் நனைந்திருந்தது. பக்கத்து ஊரான இலஞ்சி வரைக்கும் நடந்து போய்விட்டு வந்ததாகச் சொன்னார். துண்டை எடுத்துக் கொடுத்தேன். தலையைத் துவட்டிக்கொண்டே பேசினார்.

"நீ சொன்னது சரிதான். விருந்தாளி மாதிரிதான் வந்துட்டுப் போனேன். இப்பம் திரும்பிப் போறதுக்கு ஒரு எடம் இல்ல. இந்த வீட்டுல நான் எங்கன நிக்கட்டும்னு நீயே சொல்லு. அங்கன நின்னுக்கிடுதேன்."

அவர் கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே கேட்டார். நான் அழுதால் பேச்சு மாறிவிடும் என்று வேலையைச் சொன்னேன்.

"அடுப்பு என்னோடது. நீங்க அந்தப் பக்கம் வராதீய. ஏசி ரூம் உங்களோடது, அங்கன நான் வாய் தெறக்க மாட்டேன். ஆற வைக்கது, வெட்டுதது, தாள் சுத்துதது எல்லாம் நீங்க."

"சரி," என்றார். கொஞ்சம் கழித்து, "அந்த வெண்ண பிரிட்ஜ் கதவுல, கீழ இருக்கு," என்றார். நான் சிரித்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் காய்ச்சிய கேரமல் நன்றாக வந்தது. வெண்ணெயோடு இரண்டு விரலால் கிள்ளிய அளவு கல்லுப்பைப் பொடித்துச் சேர்த்திருந்தேன். அவர் அளவுகோல் வைத்துச் சதுரம் சதுரமாக வெட்டினார். வறுத்துத் தோல் நீக்கிய கடலையையும் அண்டிப்பருப்பையும் உருக்கிய சாக்லேட்டில் புரட்டிச் சின்னச் சின்னக் குவியல்களாக வைத்தோம். அறைக்குள் குளிர், வறுத்த கடலையின் வாசனை, நெய் வாசனை. முதல் துண்டை எடுத்து அவரிடம் நீட்டினேன்.

"நான் இதெல்லாம் திங்கது இல்ல," என்றார்.

"ஏன்? சுகர் ஒண்ணும் இல்லியே உங்களுக்கு?"

"சுகர் இல்ல. அங்க வாங்கும்போது திங்கணும்னு தோணாது. ஊருக்குக் கொண்டு போறதுல்லா. பெட்டியில வச்சு மூடுனா பெறவு அதுல கைவைக்கத் தோணாது. இங்க வந்தா எல்லாருக்கும் குடுத்து முடிஞ்சிரும்."

"ஒண்ணுகூடத் தின்னது இல்லியா?"

"இல்ல."

எனக்கென்று ஒரு டப்பாவைத் தனியாக எடுத்து வைத்துவிட்டுப் போவார். அவர் போனபிறகு நான் அதில் தினமும் ஒன்று தின்பேன். அவருக்கு அதன் ருசியே தெரியாது என்பது எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. கையில் இருந்ததை அவர் வாயில் வைத்தேன். கண்ணை மூடி மென்றார். பல்லில் ஒட்டிக்கொண்டது போல, வெகுநேரம் தாடை அசைந்தது.

"உப்பு போட்டிருக்கியா?"

"கொஞ்சம்."

"நல்லாருக்கு ஏட்டி," என்றார். ஏட்டி என்பது எங்கள் பக்கத்தில் உரிமையோடு கூப்பிடுவது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் என்னை அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. போனில் எப்போதும் ஹலோதான்.

சனிக்கிழமை இரண்டு பெரிய தட்டு நிறையக் கேரமல் வெட்டி ஏசி அறையில் வைத்திருந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் தாள் சுற்றிப் பழைய டப்பாக்களில் அடுக்க வேண்டியதுதான் பாக்கி. மதினி குடும்பம் விடிகாலையில் காரில் கிளம்பி நேராகக் குற்றாலத்துக்குப் போய், குளித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வருவதாக ஏற்பாடு.

காலையில் காற்று பலமாக அடித்தது. எங்கேயோ மரம் விழுந்து கம்பி அறுந்துவிட்டது என்றார்கள், கரண்ட் போய்விட்டது. எப்போது வரும் என்று யாருக்கும் தெரியவில்லை. அவர் மீட்டரைக் கையில் வைத்துக்கொண்டு கதவைத் திறக்கவிடாமல் நின்றார். ஐம்பது அறுபதாயிற்று, அறுபது எழுபதாயிற்று. தட்டில் இருந்த கேரமலின் மேல் லேசாக ஒரு மினுமினுப்பு வந்தது. வியர்க்க ஆரம்பிக்கிறது என்று அர்த்தம்.

"தாள் சுத்திட்டா போதுமா?" என்றேன்.

"தாளு காத்த விடும். காத்து போவாத மாதிரி எதையாவது வச்சு மூடணும்."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அடுப்பங்கரைப் பக்கம் பார்த்தோம். கடலைக்கு உருக்கியது போக இன்னும் மூன்று கட்டிச் சாக்லேட் மீதம் இருந்தது. கேரமலைச் சாக்லேட்டில் முக்கிவிட்டால் அதுவே மூடியாகிவிடும். கேஸ் அடுப்புக்குக் கரண்ட் தேவையில்லை.

நான் உருக்கினேன். இந்தத் தடவை தட்டுப் போட்டு மூடவில்லை. அவர் துண்டு துண்டாக எடுத்துப் போட, நான் முள்கரண்டியால் முக்கி எடுத்துத் தாளில் வைத்தேன். வேகம் போதவில்லை. அடுப்புப் பக்கம் வரக் கூடாது என்று சொன்னதை நானே தளர்த்தி, நீங்களும் வாங்க என்றேன். முள்கரண்டி சரிப்படாமல் அவர் கையாலேயே முக்கி எடுக்க ஆரம்பித்தார். கை கழுவிவிட்டு வந்தவர்தான், ஆனால் மணிக்கட்டு வரைக்கும் சாக்லேட். வேட்டியில் சாக்லேட். மூக்கு அரித்தது போல, மூக்கிலும் சாக்லேட்.

அந்த நேரத்தில்தான் வாசலில் கார் நின்றது.

அருவியில் தண்ணீர் கூடிப்போனதால் போலீஸ் யாரையும் குளிக்க விடவில்லை. ஐந்தருவிக்கும் போய்ப் பார்த்திருக்கிறார்கள், அங்கேயும் தடை. தலையில் வைத்த எண்ணெயோடு நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். மதினி உரிமையோடு அடுப்பங்கரை வரைக்கும் வந்து நின்றார்கள். பின்னால் அவர்களுடைய மகள், அவளுக்குப் பின்னால் எண்ணெய் வழிகிற நெற்றியோடு இரண்டு பெண் பிள்ளைகள்.

"ஏலே, என்னலே கோலம் இது?"

அவர் கையைத் தூக்கிப் பிடித்தபடி நின்றார். "சாக்லேட் செய்தோம்க்கா. இன்னும் காயல."

மதினி தட்டைப் பார்த்தார்கள். தம்பியைப் பார்த்தார்கள். என்னைப் பார்த்தார்கள். நான் என்ன வரப்போகிறதோ என்று நின்றேன். அவர்கள் சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டார்கள்.

"தள்ளு. கை கழுவிட்டு வாரேன். இன்னும் எத்தன கெடக்கு?"

அதன்பிறகு அடுப்பங்கரையில் நிற்க இடமில்லை. மதினி முக்கி எடுத்தார்கள், அவர்கள் மகள் தாளை வெட்டினாள். சின்னவள் ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு முந்திரித் துண்டை வைத்தாள், பெரியவள் அதைத் தின்றுவிடாமல் பார்த்துக்கொண்டாள். வெளியே சாரல் குளிராக இருந்ததால் ஏசி இல்லாமலேயே சாக்லேட் சீக்கிரம் இறுகியது. காற்று வராத டப்பாக்களின் அடியில் அரிசியை வெறுமனே வறுத்து ஒரு துணியில் முடிந்து போட்டேன். உப்பு ஜாடிக்குச் செய்கிற வேலைதான். அவர் பார்த்துத் தலையசைத்தார்.

சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் தின்றார்கள். சின்னவள் ஒன்றைத் தின்றுவிட்டு, "தங்கத் தாளு சாக்லேட் இல்லியா தாத்தா?" என்று கேட்டாள். அவள் அம்மா அதட்டினாள்.

"அது இல்ல தாயி. தாத்தா இனிமே அங்க போவல," என்றார் அவர்.

அவள் அதை யோசித்துப் பார்த்துவிட்டு, "அப்பம் நாங்க எப்பம் வந்தாலும் நீங்க இங்கனயே இருப்பியளா?" என்றாள்.

"இருப்பேன்."

அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. கடலை வைத்ததில் இன்னும் இரண்டு எடுத்துக்கொண்டாள்.

மதினி கேரமலை மெதுவாகத்தான் தின்றார்கள். "சாக்லேட்டுல உப்பா போடுவாவ?" என்று என்னிடம் கேட்டார்கள். கேட்டுவிட்டு இன்னொன்றை எடுத்தார்கள். நான்காவதை எடுக்கும்போது, "எங்க ஊரு உப்புதான?" என்றார்கள். ஆமாம் என்றேன். கிளம்பும்போது பெரிய டப்பாவை அவர்களே எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்கள். தம்பியின் தலையில் கை வைத்து, "ஒன்ன வீட்டுல வேல செய்து பாத்ததே இல்லலே," என்றார்கள். அவர்கள் குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. உடனே டிரைவரைச் சத்தம் போட்டுக் கூப்பிட்டார்கள்.

மறுநாள் காலையில் போன் வந்தது. தூத்துக்குடி வெக்கையில், கார் டிக்கியில், சாக்லேட் மொத்தமும் உருகி டப்பாவுக்குள் ஒரே கட்டியாகிவிட்டதாம்.

"கத்தியால வெட்டி வெட்டித் திங்கோம்லே," என்றார்கள் மதினி. "நல்லாத்தான் இருக்கு. ஆனா அடுத்த தடவ இந்த ஊருக்குத் தக்கன செய்து குடு."

அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு சிரித்தார். தூத்துக்குடிக்கு ஈரத்தைவிடச் சூடுதான் பெரிய பிரச்சினை என்று அன்று முழுவதும் யோசித்துக்கொண்டிருந்தார். கடைசியில் அந்த ஊருக்குச் சாக்லேட் போடாமல் கேரமலும் அண்டிப்பருப்பும் மட்டும் வைத்துத் தாளில் சுற்றி, காற்றுப் புகாத டப்பாவில் அனுப்புவது என்று முடிவு செய்தோம். தீபாவளிக்கு அப்படித்தான் அனுப்பினோம்.

இப்போது அவர் குற்றாலத்து லாட்ஜுகளுக்கு ஏசி சர்வீஸ் பார்க்கிறார். காலையில் ஸ்கூட்டரில் போனால் சாப்பாட்டுக்கு வந்துவிடுவார். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மெத்தையைத் தூக்கி முன்னறையில் சாய்ப்போம். எதிர்வீட்டு ஆச்சிக்குப் பல் ஆடுவதால் கேரமல் ஆகாது. அவர்களுக்கு மட்டும் கடலையை ஒன்றிரண்டாகப் பொடித்துத் தனியாகச் செய்கிறேன். இந்த மாதம் கொஞ்சம் கிராம்புப் பொடி போட்டுப் பார்க்கலாம் என்கிறார் அவர். எனக்கு அதில் சம்மதமில்லை. ஒரு தட்டுக்கு மட்டும் போட்டுப் பார்ப்பதாகப் பேசி முடித்திருக்கிறோம்.